தோனி கையெழுத்திட்ட பேட்: ஆன்லைன் ஏலத்தில் எடுப்பதா, வேறு வழி பார்ப்பதா?

தோனி கையெழுத்திட்ட பேட் ஒன்று ஆன்லைன் ஏலத்தில் பதினெட்டாயிரம் ரூபாயில் நிற்கிறது. அசல்தான் என்பதற்குச் சான்றிதழும் உண்டு என்று விற்பவர் எழுதியிருக்கிறார். ஏலம் கேட்கலாமா, வேண்டாமா? ஆளுக்கு ஆள் பொருள் மாறுகிறதே தவிர, வாசகர்களிடமிருந்து வருவது இதே கேள்விதான். ஒருவருக்குச் சச்சின் ஆடிய சட்டை. இன்னொருவருக்கு 1983-ல் உலகக் கோப்பை வென்ற அணி மொத்தமும் கையெழுத்துப் போட்ட பேட். சிலர் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறார்கள், சிலர் பத்து வருடம் கழித்து நல்ல விலைக்கு விற்க நினைக்கிறார்கள்.

எல்லாரும் பொருளைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது விற்பவரைப் பற்றி. பேட் விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும், மார்க்கர் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். அந்த இரண்டுக்கும் மேலே நாம் கொடுக்கும் காசு முழுவதும், அந்த மார்க்கர் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கையில் இருந்தது என்ற பேச்சுக்குத்தான். அந்தப் பேச்சுக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பதை வைத்து ஐந்து வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல

1990களின் கடைசியில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற விசாரணையை நடத்தியது. சான் டியாகோவை மையமாக வைத்து இயங்கிய ஒரு கும்பல் பேஸ்பால் வீரர்களின் கையெழுத்தைப் பந்துகளிலும் படங்களிலும் போட்டு நாடு முழுக்க விற்றுவந்தது. 2000-ல் விஷயம் வெளியே வந்தபோது, ஏமாந்தவர்களின் இழப்பு பத்துக் கோடி டாலரைத் தாண்டும் என்று எஃப்.பி.ஐ. கணக்கிட்டது. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது! அந்த ஊர் அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் பெயரில் போலிக் கையெழுத்துப் பொருட்கள் சொந்த அணியின் கடையிலேயே விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார்.

அந்தச் சரக்குச் சான்றிதழ் இல்லாமல் சந்தைக்கு வரவில்லை. கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவர்களுக்குச் சான்றிதழ் அச்சடிப்பது ஒரு வேலையா?

எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும். ஆட்டக்காரருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் பார்த்தவர் யார்? போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருபவர் யார், எவ்வளவு நாளுக்குள்? வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தச் செலவு என்ன? நாளைக்கு விற்றால் அடுத்தவர் நம்பி வாங்குவாரா?

இவற்றுக்கு முன்னால் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். 'கையெழுத்திட்டது' என்பது ஒரு உரிமைகோரல், 'ஆட்டத்தில் பயன்படுத்தியது' என்பது முற்றிலும் வேறொன்று. கையெழுத்து அசலாக இருந்தும் பேட் கடையில் வாங்கியதாக இருக்கலாம். விளம்பரங்களில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி எழுதுவார்கள். விலையில் வித்தியாசம் பல மடங்கு.

ஆட்டத்தில் போட்டதுதான் என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மாரடோனாவின் சட்டையைப் பாருங்கள். 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி, இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதி. கையால் தட்டிய கோல், அதற்குச் சில நிமிடங்களில் பாதி மைதானத்தைக் கடந்து போட்ட கோல், இரண்டுமே இரண்டாம் பாதியில் வந்தவை. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாரடோனாவிடம் சட்டையை மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகள் அது மான்செஸ்டரின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருந்தது. 2022-ல் சாதபீஸ் என்ற ஏல நிறுவனம் அதை ஆன்லைன் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தபோது போட்டது அல்ல என்று மாரடோனா குடும்பத்தார் மறுத்தார்கள். வாங்கியவரே உயிரோடு இருந்து விற்கிறார், நடுவில் வேறு கை மாறவில்லை, அப்படியும் சந்தேகம்.

அதைத் தீர்த்தது புகைப்படம். அந்த ஆட்டத்துக்கான நீலச் சட்டைகளை அர்ஜென்டினா அணி கடைசி நேரத்தில் மெக்சிகோ சிட்டியிலேயே வாங்கி, அவசர அவசரமாகச் சின்னத்தைத் தைத்து, எண்களை இஸ்திரி போட்டு ஒட்டியது. அதனால் எந்த இரண்டு சட்டையிலும் சின்னமும் எண்ணும் ஒரே இடத்தில் அமையவில்லை. அந்தக் கோணல்களை அன்றைய படங்களோடு ஒப்பிட்டு, இரண்டாம் பாதியில் போட்டது இதுதான் என்று ஏல நிறுவனம் அறிவித்தது. சட்டை 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

வழி 1: பொது ஏலத் தளம், விற்பவரே தரும் சான்றிதழ்

யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எதை வேண்டுமானாலும் ஏலத்துக்கு வைக்கும் ஈபே போன்ற தளங்கள் இந்த வகை. தொடர்பைப் பார்த்தவர் யார் என்ற கேள்விக்கு இங்கே பதிலே கிடையாது. விற்பவர் தன் லேசர் பிரிண்டரில் எடுத்த சான்றிதழ், அவர் சொல்வதை அவரே ஆமாம் என்று சொல்வதற்குச் சமம். தளத்தின் பணம் திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்கும், ஆனால் அதற்குக் கெடு உண்டு. போலி என்று தெரிய வருவது பெரும்பாலும் கெடு முடிந்த பிறகுதான்.

ஆனாலும் இந்த வழியில் நம் கண்ணை நாமே பயன்படுத்தலாம். அசல் என்று உறுதி செய்யத் தேவையான அறிவு வேறு. போலி என்று கழித்துவிடத் தேவையான அறிவு வேறு. இரண்டாவது எளிது.

முதலில் காலக்கணக்கு. டெஸ்ட் ஆட்டத்தின் வெள்ளைச் சட்டையில் பெயரும் எண்ணும் வந்தது 2019 ஆகஸ்டில். சச்சின் ஓய்வு பெற்றது 2013 நவம்பர். தோனி டெஸ்டிலிருந்து விலகியது 2014 டிசம்பர். ஆக, முதுகில் 7 என்ற எண்ணோடு 'தோனி டெஸ்டில் ஆடிய சட்டை' என்று வந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். ஒருநாள் சட்டைக்கு ஸ்பான்சர் பெயர் உதவும். இந்தியச் சட்டையில் சஹாரா போய் ஸ்டார் வந்தது 2014-ல்தான். அப்படியானால் ஸ்டார் பெயருள்ள சட்டையைச் சச்சின் ஆட்டத்தில் போட்டிருக்க வழியில்லை. ஐ.சி.சி. போட்டிகளில் மார்பில் நாட்டின் பெயர்தான் இருக்கும், ஸ்பான்சர் கைப்பகுதிக்கு ஒதுங்கிவிடும். '2011 உலகக் கோப்பை இறுதியில் போட்டது' என்று சொல்லி மார்பில் பெரிய எழுத்தில் ஸ்பான்சர் பெயரோடு வந்தால் அது கடைச் சட்டை.

1983 பேட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அந்த அணியில் 14 பேர். அவர்களில் யஷ்பால் ஷர்மா 2021 ஜூலையில் காலமானார். அதற்குப் பிறகு தயாரான பேட்டில் பதினான்கு கையெழுத்தும் இருந்தால் கணக்கு இடிக்கிறது.

அடுத்து மை. பேட்டின் மரத்தில் மார்க்கரால் எழுதினால் மை ரேகையின் போக்கில் லேசாகக் கசியும். வேகமாக ஓடிய இடத்தில் மெலிந்தும், திரும்பும் இடத்தில் தடித்தும் இருக்கும். ஆயிரக்கணக்கான முறை போட்ட கை யோசிக்காமல் ஓடும். கோடு தொடங்கும்போதும் முடியும்போதும் பேனா காற்றிலிருந்து இறங்கி ஏறிய கூர்மை தெரியும். பார்த்து வரைந்தவன் மெதுவாகப் போவான், நுனிகள் மொட்டையாக நிற்கும், நடுவில் தயங்கிய இடங்களில் மை குளம் கட்டும். துணியில் எழுதியிருந்தால் சட்டையை உள்பக்கம் திருப்பச் சொல்லிப் படம் கேளுங்கள். மார்க்கர் மை இழைகளுக்குள் இறங்கிப் பின்னால் தெரிய வேண்டும். உருப்பெருக்கியில் கையெழுத்து சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. வீரர் பெயரில் வரும் பேட்களில் நிறுவனமே ஒட்டும் ஸ்டிக்கர் கையெழுத்தை 'ஆட்டோகிராஃப்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அணி மொத்தமும் போட்ட பேட் என்றால் ஒழுங்குதான் எனக்குப் பயம் தரும். பதினைந்து பேர் வெவ்வேறு நேரத்தில் மேசையைக் கடந்துபோகும்போது போட்டவை சாய்ந்தும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும், மை தீர்ந்த பேனாவில் மங்கியும் இருக்கும். பதினைந்தும் ஒரே அளவில், ஒரே கறுப்பில், கல்யாணப் பத்திரிகையில் அடுக்கியதுபோல் இருந்தால் எழுதியது ஒரு கை. அசல் பேட்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு: கட்டுக்கட்டாகக் கையெழுத்துக் கேட்கும்போது அறையில் இல்லாத வீரருக்காகச் சக வீரர் போட்டுவிடுவது கிரிக்கெட்டில் பழைய பழக்கம்.

ஏலத்தையும் கவனியுங்கள். நீங்கள் தோற்ற மறுநாள், "முதலில் வந்தவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் விலைக்கே தருகிறேன்" என்று செய்தி வந்தால், விலையை ஏற்றிவிட்டது விற்பவரின் ஆளாக இருக்கலாம்.

இந்த வழி யாருக்குச் சரி? போலி செய்தால் கூலிகூடத் தேறாத பொருட்களைச் சேர்ப்பவர்களுக்கு. பழைய ரஞ்சி ஆட்டக்காரரின் கையெழுத்தை யாரும் உட்கார்ந்து பழகுவதில்லை. பழைய ஸ்கோர் அட்டை, சேப்பாக்கம் டிக்கெட்டின் பாதி, விளையாட்டுப் பத்திரிகைகள் இவற்றுக்குப் பொது ஏலம்தான் நல்ல இடம். தோனி, சச்சின், கோலி என்றால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

வழி 2: மூன்றாம் தரப்புச் சான்று பெற்ற பொருள்

பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கையெழுத்தைப் பரிசோதித்து எண்ணுள்ள ஸ்டிக்கர் ஒட்டித் தருகின்றன. விற்பவர் வேறு, சொல்பவர் வேறு என்பதால் முதல் வழியைவிட இது ஒரு படி மேல். ஆனால் பெரும்பாலான சான்றுகள் "எங்கள் கருத்தில் இது அசல்" என்று சொல்பவை. அந்தக் கருத்து தவறினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை அந்தந்த நிறுவனத்தின் விதிகளில்தான் பார்க்க வேண்டும். இந்த நிறுவனங்களே தங்கள் ஆள் பக்கத்தில் நின்று பார்த்த கையெழுத்துக்கு 'நேரில் கண்டது' என்று தனிச் சான்று தருகின்றன. என் கணக்கில் இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல.

இவர்களின் பலம் அமெரிக்க விளையாட்டுகள். ஒப்பிட்டுப் பார்க்கப் பேஸ்பால் வீரரின் கையெழுத்து மாதிரிகள் மலையாகக் குவிந்திருக்கும். எண்பதுகளின் இந்தியப் பந்துவீச்சாளருக்கு எத்தனை மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெரிய பெயர்களும் சறுக்கும். பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளில் உலகப் புகழ்பெற்றது ஹோனஸ் வாக்னர் அட்டை. 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. தரம் பார்த்து மதிப்பெண் போட்ட முதல் அட்டை அதுதான்; பத்துக்கு எட்டு. 2007-ல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. கிரெட்ஸ்கி வாங்குவதற்கு முன்பே அதை விற்றிருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு அந்த மதிப்பெண்ணே கிடைத்திருக்கக் கூடாது.

ஸ்டிக்கரையும் போலி செய்யலாம். அதனால் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய்ச் சரிபாருங்கள்; விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அங்கே உள்ள படமும் கையிலுள்ள பொருளும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மலிவான பொருளுக்கு வாங்கிய எண்ணை விலை உயர்ந்ததில் ஒட்டும் வேலை நடக்கிறது.

இங்கிருந்து ஒரு பேட்டை நீங்களே சான்றுக்கு அனுப்ப நினைத்தால், கட்டணம், போக வர கூரியர், காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் எல்லாம் சேர்ந்து சாதாரண பேட்டின் விலையையே தொட்டுவிடும். ஏற்கெனவே 'நேரில் கண்ட' சான்றுள்ள பொருளை, உலகச் சந்தையில் திரும்ப விற்கும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு இது பொருத்தம்.

வழி 3: சிறப்பு ஏல நிறுவனம்

பான்ஹாம்ஸ், சாதபீஸ், ஹெரிடேஜ், கிரிக்கெட்டுக்கென்றே பெயர்பெற்ற இங்கிலாந்தின் நைட்ஸ் போன்றவை இந்த வகை. பொருள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாற்றைத் தேடி எழுதுவது இவர்கள் தொழில். அந்த வேலைக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் ஒரு சட்டை 2005-ல் ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் டாலருக்குப் போனது. பிறகு அதே சட்டை 1932 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) அவர் போட்டதுதான் என்று புகைப்படப் பொருத்தத்தில் உறுதியாகி, 2024-ல் ஹெரிடேஜ் ஏலத்தில் 2 கோடியே 41 லட்சம் டாலருக்குப் போனது. துணி அதேதான்.

இங்கே வலிக்கும் இடம் கமிஷன். 1947-48-ல் இந்தியாவுக்கு எதிரான தொடரில் பிராட்மன் அணிந்த தொப்பி 2024 டிசம்பரில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. இந்திய அணியின் மேலாளராகச் சென்றவருக்குப் பிராட்மன் பரிசாகக் கொடுத்தது அது. ஏலம் நின்றது 3,90,000 ஆஸ்திரேலிய டாலரில். கமிஷன் சேர்த்து வாங்கியவர் கட்டியது 4,79,700. ஏலத்தில் கை தூக்கும்போது மனத்தில் ஓடும் எண் முதலாவது, வங்கிக் கணக்கிலிருந்து போவது இரண்டாவது. அதற்கு மேல் இந்தியாவுக்கு அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்க வரி, இறக்குமதிக்குக் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.

பட்டியல் வர்ணனையை வக்கீல் நோட்டீஸ் படிப்பதுபோல் படிக்க வேண்டும். "பிராட்மன் கையெழுத்திட்டது" என்பது ஒன்று, "பிராட்மன் கையெழுத்தைத் தாங்கியது" என்பது நழுவல், "எனச் சொல்லப்படுகிறது" என்பது கை கழுவல். போலி என்று நிரூபித்தால் பணம் திரும்பத் தரும் விதியும், அதற்கான கெடுவும் விதிமுறைகளில் இருக்கும். ஏலத்துக்கு முன்பே படியுங்கள்.

பெரிய பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். மேலே சொன்ன மாஸ்ட்ரோ, அமெரிக்காவின் முன்னணி விளையாட்டுப் பொருள் ஏல நிறுவனத்தை நடத்தியவர். போலி ஏலக் கேட்புகளால் விலையை ஏற்றிய வழக்கில் 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறை.

விலை லட்சத்தைத் தாண்டும் பழைய பொருள், ஆட்டத்தில் பயன்படுத்தியது என்ற உரிமைகோரல், வாரிசுகளுக்குப் போக வேண்டிய சொத்து என்றால் கமிஷன் வலித்தாலும் இந்த வழிதான். பதினெட்டாயிரம் ரூபாய் பேட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

வழி 4: ஆட்டக்காரர், அணி, அறக்கட்டளை நேரடியாக நடத்தும் ஏலம்

என் விருப்பம் இது. நடுவில் தெரியாத கை இல்லை. பெலே 2016-ல் லண்டனில் தன் பதக்கங்களையும் கோப்பைகளையும் தானே ஏலத்துக்கு விட்டார். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. புல்பென் விவகாரத்துக்குப் பிறகு, 2001-ல் அமெரிக்க பேஸ்பால் லீக் தானே ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சான்றாளர் ஒருவர் மைதானத்தில் இருப்பார், பெரும்பாலும் காவல்துறையில் இருந்தவர்கள். பந்து ஆட்டத்திலிருந்து வெளியே வந்த கையோடு ஹாலோகிராம் ஒட்டி, எண்ணைப் பதிவு செய்வார். பார்த்தவர் சொல்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நம் கிரிக்கெட்டில் இவ்வளவு பணம் புரண்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் இப்படி ஒரு பதிவு பழக்கமாகவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை அறக்கட்டளை ஏலங்கள். 2024 ஆகஸ்டில் கே.எல்.ராகுலும் அதியா ஷெட்டியும் நடத்திய ஏலத்தில் கோலியின் சட்டை 40 லட்சம் ரூபாய்க்கும், தோனியின் பேட் 13 லட்சத்துக்கும் போயின. 2011 உலகக் கோப்பை இறுதியில் தோனி ஆடிய பேட் அதே ஆண்டு லண்டனில் ஒரு அறக்கட்டளை விருந்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றது. 'தோனி ஆடிய பேட்' என்று யாராவது ஐம்பதாயிரத்துக்குத் தந்தால் இந்த விலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய கலாசார அமைச்சகம் நடத்தும் பிரதமர் நினைவுப் பரிசுகளின் மின் ஏலமும் இதில் சேரும். 2021-ல் நம் சென்னைப் பெண் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் பயன்படுத்திய வாள் 1.25 கோடிக்கும், நீரஜ் சோப்ராவின் ஈட்டி 1.5 கோடிக்கும் போயின. கொடுத்தது கேமரா முன்னால், வாங்கியது பிரதமர், விற்றது அரசு. யாரிடமிருந்து வந்தது என்பதில் ஐயமே இல்லை. ஆனாலும் 2022 ஆகஸ்டில் லொசானில் உள்ள ஒலிம்பிக் அருங்காட்சியகத்துக்கு நீரஜ் ஒரு ஈட்டியைக் கொடுத்தார், டோக்கியோவில் தங்கம் வென்ற ஈட்டி என்று சொல்லி. ஓர் ஆட்டக்காரர் பல ஈட்டிகளோடு போவது வழக்கம், இரண்டுமே அசல். எது எந்த எறிதலுக்கு உரியது என்பது தனிக் கேள்வி, ஏலக் கேட்பாளர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆட்டக்காரரிடமிருந்தே வந்தது என்பதும் முழுக் காப்பு அல்ல. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஈலை மானிங்கும் அவர் அணியும், ஆட்டத்தில் போடாத ஹெல்மெட்டுகளைப் போட்டவை என்று விற்கத் துணை போனதாக 2014-ல் வழக்கு வந்தது. அவர் மறுத்தார்; 2018-ல் சமரசத்தில் முடிந்தது.

மறைமுகச் செலவு: நன்கொடை மனத்தோடு கேட்பவர்கள் நடுவே நீங்கள் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுப்பீர்கள். அந்தக் கூடுதல் மறுவிற்பனையில் திரும்பாது. ஏலம் முடிந்ததும் அமைப்பாளரிடமிருந்து பொருளின் படம், லாட் எண் (ஏலப் பட்டியலில் அதன் எண்), உங்கள் பெயர் மூன்றும் உள்ள கடிதம் கேட்டு வாங்குங்கள். பலர் ரசீதோடு விட்டுவிடுகிறார்கள், பத்து வருடம் கழித்து அந்தப் பேட்டும் அநாதைப் பேட்டாகிவிடுகிறது.

வழி 5: நேரில் போய் வாங்குவது

செலவு ஒரு மார்க்கரும் பொறுமையும். சர்வதேச கிரிக்கெட் வீரரை நெருங்குவது இப்போது குதிரைக்கொம்பு. டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்), ரஞ்சி ஆட்டங்களில் இன்னும் முடியும். சதுரங்கம் இன்னும் எளிது. சென்னையில் போட்டி நடக்கும்போது கிராண்ட்மாஸ்டர்கள் பலகையில் கையெழுத்துப் போடத் தயங்குவதில்லை. அவர் எழுதும்போதே, பொருளின் அடையாளம் தெரியும்படி படமோ வீடியோவோ எடுங்கள். பேட் என்றால் மரத்தின் ரேகைகள் விழ வேண்டும். ஒரு பேட்டின் ரேகை இன்னொன்றுக்கு வராது.

தபாலில் கேட்டு வாங்குவது ஒரு காலத்தில் நல்ல வழி. பிராட்மன் முதுமையிலும் ரசிகர் கடிதங்களுக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர். அதனாலேயே அவருடைய சாதாரணக் கையெழுத்து நாம் நினைப்பதுபோல் யானை விலை அல்ல. இன்று தபாலில் வருவது அச்சாகவோ இயந்திரம் போட்டதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

விற்கும் எண்ணமே இல்லாதவருக்கும், பிள்ளைகளுக்குப் பழக்கப்படுத்த நினைப்பவருக்கும் இது போதும்.

ஒரே பார்வையில்

| | தொடர்பைப் பார்த்தவர் | பணம் திரும்புமா | கூடுதல் செலவு | மறுவிற்பனை | எப்போது சரி |
|---|---|---|---|---|---|
| பொது ஏலத் தளம் | யாருமில்லை | தளத்தின் கெடுவுக்குள் | அனுப்பும் செலவு | கடினம் | டிக்கெட், ஸ்கோர் அட்டை, புகழ் குறைந்த கையெழுத்து |
| மூன்றாம் தரப்புச் சான்று | 'நேரில் கண்டது' என்றால் மட்டும் | நிறுவன விதிப்படி | சான்றுக் கட்டணம், கூரியர், சுங்கம் | வெளிநாட்டில் நன்று | விற்கும் நோக்கத்தோடு வாங்கும்போது |
| சிறப்பு ஏல நிறுவனம் | ஆவணமும் படங்களும் | விதிமுறைக் கெடுவுக்குள் | கமிஷன், காப்பீடு, வரி | மிக நன்று | விலை உயர்ந்த பழைய பொருள் |
| நேரடி, அறக்கட்டளை | கொடுத்தவரே | நடத்துபவரைப் பொறுத்தது | நன்கொடைக் கூடுதல் | கடிதம் இருந்தால் நன்று | பரிசு, வீட்டில் வைக்க |
| நேரில் | நீங்கள் | கேள்வியே இல்லை | நேரம் | வீடியோ இருந்தால் ஓரளவு | விற்க நினைக்காதவர் |

ஃபிரேம் பற்றி இரண்டு வார்த்தை

கண்ணாடிக்குள் பூட்டி வரும் சட்டையைப் பரிசோதிக்க முடியாது. உள்பக்கம், லேபிள், தையல் எல்லாம் மறைந்திருக்கும். சிலர் அதற்காகவே ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். ஃபிரேமுக்கு வெளியே எடுத்த படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்கியதை நீங்கள் ஃபிரேம் போடும்போது பசையோ ஆணியோ படாமல் பாருங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் மார்க்கர் மை வெளிறிவிடும்.

வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால்

அன்றே விளம்பரப் பக்கத்தை முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பவர் அதை நீக்கிவிடுவார். பேச்சுவார்த்தையைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் நடத்துங்கள், வாட்ஸ்அப்புக்கு இழுத்தால் போகாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே ஆட்சேபம் பதியுங்கள். தளத்துக்கு வெளியே யு.பி.ஐ.யில் தனி ஆளுக்கு அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது கல்லில் நார் உரிப்பதுதான்.

வியாபாரி விற்றது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம், பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. முதலீடு என்று நினைத்து வாங்குபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் வராது என்று தெரிந்தபின் அதே பேட்டை அதே சான்றிதழோடு மறுபடி ஏலத்தில் ஏற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். தெரிந்தே விற்றால் அடுத்த புகாரில் எதிர்த்தரப்பு நீங்கள்தான்.